முப்பத்தெட்டு கிலோ புளியங்கொட்டைப் பை

பிளாஸ்டிக்கை ஒழிப்பதற்காக, ஜூன் ஐந்தாம் தேதி காலையில், மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் மேல்நிலைப் பள்ளியிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பதினாறு அடி நீள ஃபிளெக்ஸ் பேனர். ‘பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம், பூமித்தாயைக் காப்போம்’ என்று அதில் அச்சடித்திருந்தது. ஃபிளெக்ஸும் பிளாஸ்டிக்தான் என்று அச்சடித்தவரும் சொல்லவில்லை, பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளைகளும் கேட்கவில்லை. ஊர்வலம் முடிந்ததும் எல்லோருக்கும் பாலிதீன் பையில் கட்டிய லெமன் சாதம் கொடுத்தார்கள். பூமித்தாய் ஒரு நாள் பொறுத்துக்கொள்வாள் என்ற நம்பிக்கைதான்.

இந்த ஊர்வலத்தை நடத்தியவர் ஷெரின். வேதியியல் ஆசிரியை, வயது நாற்பத்தொன்று, பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்துக்குப் பொறுப்பாளர். மற்ற வருடங்களில் லெமன் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த வருடம் மட்டும் அவருக்குச் சாதம் இறங்கவில்லை. மைதானத்து வேப்ப மரத்தடியில் குவிந்து கிடந்த காலிப் பைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். காற்றடித்ததும் அவை எழுந்து, பேனரைப் பின்தொடர்வது போல வாசலை நோக்கிப் போயின.

அன்று சாயங்காலம் விளாங்குடியில் வீட்டுக்கு வந்ததும் பரண் மேலிருந்து ஒரு கறுப்பு அட்டைப் புத்தகத்தை இறக்கினார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் எம்.ஃபில். படிப்புக்காக அவர் எழுதிய ஆய்வேடு அது. புளியங்கொட்டைப் பொடியிலிருந்து மெல்லிய தாள் செய்வது பற்றியது. புளியங்கொட்டையில் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு கிடக்கின்றன. பாலிசாக்கரைடு என்பார்கள். அதைக் காய்ச்சித் தட்டில் ஊற்றி உலர்த்தினால் கண்ணாடிக் காகிதம் போல உரிந்து வரும். மண்ணில் போட்டால் மட்கிவிடும். இதையெல்லாம் நூற்றிருபது பக்கத்தில் எழுதியிருந்தார். வழிகாட்டிப் பேராசிரியர் தான் கையெழுத்துப் போட்ட பக்கத்தை மட்டும் படித்திருந்தார். தேர்வாளர் அதையும் தாண்டி, நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்துப் பாராட்டுப் பெற்றார்.

“எதுக்கு இதத் தூக்கிட்டு வந்திருக்க? பழைய பேப்பர்காரர் ஞாயித்துக்கிழமைதான வருவார்?” என்று கேட்டார் கணவர் மெர்வின். அவர் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். இருபது வருடமாக மற்றவர்களின் விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும் வேலை. வீட்டிலும் அதே வேலைதான்.

“பை செய்யப் போறேங்க.”

“எதுல?”

“புளியங்கொட்டைல.”

மெர்வின் கொஞ்ச நேரம் யோசித்தார். “புளியில ஆரம்பிச்சிருக்கலாம். குழம்பாவது வச்சிருக்கலாம்” என்றார்.

அடுத்த சில வாரங்களில் மாடியில் துணி காயப்போட இடமில்லாமல் போனது. கொடிக்குக் கீழே எவர்சில்வர் தட்டுகளை வரிசையாகப் பரப்பி, காய்ச்சிய பழுப்புக் கூழை ஊற்றி வைத்தார் ஷெரின். காய்ந்ததும் அது அப்பளம் போல நொறுங்கியது. கிளிசரின் கூட்டினால் விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. காக்கைகளுக்கு மட்டும் எந்தக் குறையும் தெரியவில்லை. இரண்டு தட்டைத் தின்றுவிட்டு மூன்றாவதற்கு உறவினர்களை அழைத்து வந்தன.

பொடி தீர்ந்துபோனது. மொத்தமாக எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு வில்லாபுரத்தில் ஒரு சின்னக் கடைக்குப் போனார். தறிக்காரர்களுக்குச் சாயமும் நூலுக்குப் போடும் பசைப்பொடியும் விற்கிற கடை. கல்லாவில் ஹம்சவேணி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். போனில் யாரையோ சௌராஷ்டிர மொழியில் திட்டிக்கொண்டிருந்தவர், ஷெரினைக் கண்டதும் அதே முகத்தோடு தமிழுக்கு வந்தார்.

“சொல்லுங்க, என்ன வேணும்?”

“புளியங்கொட்டைப் பொடி, இருவது கிலோ.”

“எத்தன தறி ஓடுது?”

“தறியெல்லாம் இல்லக்கா. நான் டீச்சர். பை செய்யறேன்.”

ஹம்சவேணி போனை அணைத்துவிட்டார். இருபது வருடக் கடையில் இப்படி ஒருவர் வந்ததில்லை. எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். ஷெரின் விளக்கினார். வேதியியலில் ஆரம்பித்துக் காக்கையில் முடித்தார்.

“பொடியக் கொதிக்கிற தண்ணில கொட்டுனீங்களா?”

“ஆமா. அறுபத்துநாலாம் பக்கத்துல அப்படித்தான்க்கா எழுதியிருக்கு.”

“எந்தப் புத்தகம்?”

“நான் எழுதுனதுதான்.”

“அப்ப நீங்களே மாத்திக்கலாம்” என்றார் ஹம்சவேணி. “பச்சத் தண்ணில கரைச்சு மொதல்ல நல்லா ஊற விடணும் டீச்சர். அப்புறம் சின்னத் தீயில கை விடாமக் கிண்டணும். இறக்கும்போது ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய். எங்க வீட்ல தறில ஏத்துற பாவு நூலுக்குப் பசை போடறப்ப அப்படித்தான் காய்ச்சுவோம். இல்லேன்னா நூல் பட்டுப்பட்டுன்னு தெறிக்கும்.”

பல்கலைக்கழகம் இரண்டு வருடம் செலவழித்துக் கண்டுபிடிக்காததை ஒரு கடைக்காரம்மா இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார் என்பதில் ஷெரினுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து மாடி ஏறியபோது, தட்டிலிருந்து தாள் ஒரு சத்தமும் இல்லாமல் உரிந்து வந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தார். லேசான தேன் நிறம். அந்தப் பக்கம் நின்ற மெர்வினின் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் முதல் முறையாகக் குறை கண்டுபிடிக்கும் பாவனை இல்லை.

“நல்லாத்தான் இருக்கு” என்றார் மெர்வின். பிறகு தன் பதவியை நினைத்துக்கொண்டு, “ஓரம் மட்டும் சரியா இல்ல” என்று சேர்த்தார்.

அதன் பிறகு ஹம்சவேணி வாரம் மூன்று நாள் வில்லாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி விளாங்குடிக்கு வர ஆரம்பித்தார். கடையில் கணவரை உட்கார வைத்துவிட்டு வந்தார். அவர் சாயத்துக்குப் பதில் பசையையும் பசைக்குப் பதில் சாயத்தையும் கொடுத்துக்கொண்டிருந்ததாகத் தகவல் வந்தது. ஹம்சவேணி அதைப் பொருட்படுத்தவில்லை. தாளை வெட்டி, ஓரத்தில் ஈர விரலால் ஒரு கோடு இழுத்து, மடித்து அழுத்தினால் போதும். ஊசி, நூல், இயந்திரம் எதுவும் இல்லாமல் பை தயார். எண்ணெய் கசியாது. தண்ணீர் பட்டால் மட்டும் இளகிவிடும். ஆகவே சாம்பாருக்கும் சால்னாவுக்கும் ஆகாது, காராச்சேவுக்கும் மிக்சருக்கும் ஆகும் என்று முடிவு செய்தார்கள்.

காராச்சேவு என்றதும் அலங்காநல்லூர் நல்லகாமன் நினைவுக்கு வந்தார். அங்கே பஸ் நிற்கும் இடத்தருகே காரவகைக் கடை வைத்திருப்பவர். அவருடைய மகள் ஷெரினிடம் படித்தவள். பிளாஸ்டிக் பை வைத்திருந்ததற்காக நல்லகாமனுக்கு ஏற்கெனவே இரண்டு முறை அபராதம் போட்டிருந்தார்கள். ஷெரின் கொண்டுபோய்க் காட்டிய பையை அவர் தடவி, இழுத்து, முகர்ந்து பார்த்தார். உள்ளே சேவைப் போட்டுக் குலுக்கினார்.

“டீச்சரம்மா, பாக்க அச்சு அசலா பிளாஸ்டிக் மாதிரியே இருக்கே!”

“ஆமாண்ணே” என்று ஷெரின் பெருமையாகச் சொன்னார். பின்னாளில் இந்தப் பெருமையை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும்.

அடுத்த வருடம் பிப்ரவரியில் தொடங்கிய விற்பனை, ஜூலைக்குள் சூடு பிடித்துவிட்டது. தின்று முடித்துப் பையை ஆட்டுக்குப் போடலாம் என்பது அலங்காநல்லூர்க்காரர்களுக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. சில ஆடுகள் சேவு தீரும்வரை காத்திருக்கவில்லை என்றும் புகார் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஞெகிழி ஒழிப்புச் சிறப்புப் பிரிவு நல்லகாமன் கடைக்கு வந்தது. ஞெகிழி என்றால் பிளாஸ்டிக். அந்தப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கே அந்தச் சொல் வாயில் நுழையாததால், “பிளாஸ்டிக் ஆபீஸ்” என்று சொல்லிக்கொள்வார்கள். அதன் ஆய்வாளர் பாண்டியராஜன். உயரமான மனிதர். எதைப் பார்த்தாலும் முதலில் அதைப் போட்டோ எடுத்துவிட்டுப் பிறகு பார்ப்பவர். கடையில் தொங்கிய பைகளைப் போட்டோ எடுத்தார்.

“இது பிளாஸ்டிக் இல்ல சார், புளியங்கொட்டை!” என்றார் நல்லகாமன்.

“எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. போன வாரம் ஒருத்தர் வாழைநாருன்னார். யாரு சப்ளை?”

நல்லகாமனுக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. டீச்சருக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிறோம் என்ற சந்தோஷத்தில் வீட்டு எண், தெரு, திரும்ப வேண்டிய முக்கு, முக்கில் இருக்கும் பால் கடை வரை எல்லாவற்றையும் சொல்லி, போன் நம்பரும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு ஜீப் வந்து நின்றது. ஐந்து பேர் இறங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு பேனர் இறங்கியது. அதுவும் ஃபிளெக்ஸ்தான். ஷெரினும் ஹம்சவேணியும் மாடியில் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“மேடம், தடை செய்யப்பட்ட பொருள் உற்பத்தி பண்றதா தகவல்” என்றார் பாண்டியராஜன்.

ஷெரின் பதற்றப்படவில்லை. அறிவியல் தன் பக்கம் இருக்கிறது என்று நினைத்தார். ஆய்வேட்டைக் காட்டினார். பாண்டியராஜன் அதன் அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு ஷெரின் கீழே போய் ஒரு டம்ளரில் சுடுதண்ணீர் கொண்டு வந்தார்.

“பாருங்க சார்.” ஒரு பையைக் கிழித்துத் தண்ணீரில் போட்டு ஸ்பூனால் கலக்கினார். பை இளகி, வழுவழுப்பாகி, காணாமல் போனது. “பிளாஸ்டிக்கா இருந்தா கரையுமா?” என்று கேட்டு, அதை மடக்கு மடக்கென்று குடித்தும் காட்டினார்.

பாண்டியராஜன் தன்னோடு வந்தவரைப் பார்த்தார். அவர் நோட்டைப் பார்த்தார்.

“மேடம், நீங்க குடிச்சது சாட்சிப்பொருள்” என்றார் பாண்டியராஜன். “அத அழிச்சா தனி கேஸ். இன்னொன்னு, குடிச்சதால உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நாங்க பொறுப்பில்ல. எழுதிக் குடுத்துருங்க.”

“சார், சாப்பிடற பொருள் சார் இது!”

“அப்ப உணவுத் துறை லைசென்ஸ் இருக்கா?”

ஹம்சவேணி முன்னால் வந்தார். “ஏன் சார், நான் கட்டியிருக்கற சேலைக்கும் இதே பசைதான் போட்டுருக்கு. சேலையையும் புடிச்சிட்டுப் போவீங்களோ?”

பாண்டியராஜன் இதற்கு விதிகளில் என்ன இருக்கிறது என்று நிஜமாகவே ஒரு கணம் யோசித்தார். பிறகு, “பிளாஸ்டிக் இல்லன்னு சர்டிபிகேட் இருக்கா? இல்ல. சர்டிபிகேட் இல்லாததெல்லாம் பிளாஸ்டிக்தான்” என்றார். வேதியியலில் இப்படி ஒரு வரையறை இருப்பது ஷெரினுக்கு அன்றுதான் தெரிந்தது.

முப்பத்தெட்டு கிலோ பைகளை எடை போட்டு எடுத்துக்கொண்டார்கள். அவற்றைக் கட்டிக்கொண்டு போவதற்குச் சாக்கு வேண்டியிருந்தது. ஜீப்பிலிருந்து மூன்று பெரிய பிளாஸ்டிக் சாக்குகள் வந்தன.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. ‘வீட்டு மாடியில் 38 கிலோ ஞெகிழிப் பைகள் பதுக்கல்: ஆசிரியை சிக்கினார்.’ ஷெரின் டம்ளரைப் பிடித்தபடி நிற்கும் படம். குடித்து முடித்த நேரத்தில் எடுத்தது போல. முகம் கோணியிருந்ததால் குற்றவாளிக்குப் பொருத்தமாகவே இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் பத்துப் பேர் துக்கம் விசாரித்தார்கள். “வீட்டுக்கஷ்டம்னா சொல்லியிருக்கலாமே” என்றார் ஒருவர். திங்கட்கிழமை தலைமை ஆசிரியையான கன்னியாஸ்திரி அறைக்குக் கூப்பிட்டார்.

“நான் உங்கள நம்புறேன் ஷெரின்” என்றார். இப்படி ஆரம்பிக்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்று ஷெரினுக்குத் தெரியும். “ஆனா பேரண்ட்ஸ் கேக்குறாங்க. சுற்றுச்சூழல் மன்றத்துப் பொறுப்புல இருந்து நீங்க கொஞ்ச நாள் ஒதுங்கி இருங்க. ஜெனி மிஸ் பாத்துக்குவாங்க.”

“சரிங்க சிஸ்டர்.”

அன்றைக்குப் பதினோராம் வகுப்பில் பாடம் நடத்த நிற்கும்போது, கடைசி பெஞ்சில் யாரோ ஒரு பாலிதீன் பையைக் கசக்கும் சத்தம் கேட்டது. தொடர்ந்து சிரிப்பு. ஷெரின் திரும்பிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருந்தார். சமன்பாடு எங்கோ தப்பாகிப்போனது. அழித்துவிட்டு மறுபடி எழுதினார். வீட்டுக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். மெர்வின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. அதுவே ஷெரினுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றார் மெர்வின் கடைசியில். “அவன் சர்டிபிகேட் கேக்குறான். வாங்கிக் குடுத்துருவோம். ஆபீஸ்னா பேப்பர்தான் பேசும், டம்ளர் பேசாது.”

சான்றிதழ் சென்னையில் ஒரு ஆய்வகத்தில் கிடைக்கும். மாதிரியைப் பிளாஸ்டிக் ஆபீஸ்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. அவர்கள் சாக்கிலிருந்து ஒரு கட்டுப் பையை எடுத்து, ஈரமான கோணியில் சுற்றி அனுப்பிவைத்தார்கள். ஆகஸ்டில் பதில் வந்தது: ‘தாங்கள் அனுப்பிய பசை கிடைத்தது. பை கிடைக்கவில்லை.’

மெர்வின் அலைந்து, அனுமதி வாங்கி, இரண்டாவது மாதிரியை அட்டைப்பெட்டியில் வைத்துத் தானே ரயிலேறிக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆய்வகம் அதை மட்குரத்தில் புதைத்தது. முப்பது, அறுபது, தொண்ணூறு, நூற்றெண்பது நாள் என்று நான்கு முறை தோண்டிப் பார்த்து எவ்வளவு மட்கியிருக்கிறது என்று எழுத வேண்டும். பை பன்னிரண்டு நாளில் மட்கிவிட்டது. முப்பதாம் நாள் தோண்டியவர்கள் மண்ணைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அறுபதாம் நாளும் ஒழுங்காகத் தோண்டினார்கள். நவம்பரில் இடைக்கால அறிக்கை வந்தது. இரண்டு கட்டத்திலும் ‘சாம்பிள் நாட் அவைலபிள்’ என்று எழுதியிருந்தது.

ஷெரின் அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத் துள்ளினார். ஜெயித்துவிட்டோம் என்று ஹம்சவேணிக்குப் போன் போட்டார். இருவரும் சேர்ந்து அதை எடுத்துக்கொண்டு பாண்டியராஜனைப் பார்க்கப் போனார்கள்.

பாண்டியராஜன் இரண்டு முறை படித்தார். “சாம்பிள் நாட் அவைலபிள்னு போட்டிருக்கே மேடம். அப்ப நீங்க சாம்பிள் குடுக்கல.”

“குடுத்தோம் சார். அது மட்கிருச்சு. அதான் இல்ல.”

“மட்கிருச்சுன்னா மட்கிருச்சுன்னு போடணும்ல? இல்லன்னு போட்டா இல்லன்னுதான அர்த்தம்?”

“மட்கினா இல்லாமத்தான போகும்?” என்றார் ஹம்சவேணி.

“அத லேப் சொல்லணும்மா, நீங்க சொல்லக் கூடாது.”

வெளியே வந்ததும் பஸ் நிறுத்தத்தில் ஷெரின் சொன்னார்: “விட்டுருவோம்க்கா. நம்மால முடியாது. பையும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

ஹம்சவேணி பஸ் வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “டீச்சர், என் வீட்டுக்காரர் நான் உங்ககூடச் சேந்ததுல இருந்து எத்தன தறிக்காரங்களக் கெடுத்து வச்சிருக்காரு தெரியுமா? ஒருத்தர் வீட்ல வெள்ளப் பாவு பூரா நீலமாயிருச்சு. இம்புட்டும் பொறுத்துக்கிட்டு நான் இங்க வந்தது விட்டுட்டுப் போறதுக்கா?” என்றார். ஆனால் அவரிடமும் வேறு யோசனை எதுவும் இல்லை. மழை தூற ஆரம்பித்தது. பஸ் வந்தது.

அந்த மழை விடாமல் மூன்று வாரம் பெய்தது.

டிசம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் ஷெரின் வீட்டு வாசலில் ஒரு பைக் நின்றது. பாண்டியராஜன். ஜீப் இல்லை, பேனர் இல்லை, போட்டோவும் எடுக்கவில்லை. கையில் அரை டஜன் வாழைப்பழம் இருந்தது, பழைய பேப்பரில் சுற்றி. உள்ளே வரச் சொன்னார்கள். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார்.

“மேடம், ஒரு சின்ன விஷயம்” என்றார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மறுபடியும், “சின்ன விஷயம்தான்” என்றார்.

விஷயம் இதுதான். பிடித்த பொருளையெல்லாம் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு கிடங்கில் போட்டு வைப்பார்கள். கிடங்கின் கூரை ஒழுகும். மழை முடிந்து, மேலிடத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் பிரித்தார்கள். ‘ஞெகிழிப் பை, 38 கிலோ’ என்று இருந்தது. கிடங்கில் போய்ப் பார்த்தால் மூன்று பிளாஸ்டிக் சாக்குகள் மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு கிடந்தன. சாக்குக்குள் அடியில் கொஞ்சம் கூழ். அதைச் சுற்றிக் கொழுத்த எலிகள்.

“பிடிச்ச பிளாஸ்டிக்க நான் வெளிய வித்துட்டேன்னு எழுதிட்டாங்க மேடம்” என்றார் பாண்டியராஜன். குரல் இறங்கியிருந்தது. “பிளாஸ்டிக் எப்படிக் கரையும், பிளாஸ்டிக்க எலி எப்படித் தின்னும்னு கேக்குறாங்க. பதினெட்டு வருச சர்வீஸ். ஒரு குத்தம் கிடையாது. இப்ப சஸ்பென்ஷன்ல போடப் போறாங்களாம். நீங்கதான் அது பிளாஸ்டிக் இல்லன்னு ஒரு லெட்டர் குடுக்கணும்.”

ஷெரின் அவரையே பார்த்தார். ஐந்து மாதமாக இந்த மனிதரிடம் சொல்ல வேண்டியதை எத்தனையோ விதமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்தார். பஸ்ஸில், வகுப்பில், குளிக்கும்போது. இப்போது அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். சட்டைப் பையில் பாண்டியராஜனின் பேனா மசி கசிந்து நீல வட்டமாகியிருந்ததுதான் கண்ணில் பட்டது. வேறு நாளாக இருந்தால் வீட்டில் யாராவது அதைச் சொல்லியிருப்பார்கள். சொல்லும் நிலையில் வீடு இல்லை போல.

மெர்வின் பேசினார். இருபது வருட அனுபவம் அவருக்குள் எழுந்து நின்றது.

“சார், உங்ககிட்ட சர்டிபிகேட் இருக்கா?”

“சர்டிபிகேட்டா?”

“அது பிளாஸ்டிக் இல்லன்னு. சர்டிபிகேட் இல்லாததெல்லாம் பிளாஸ்டிக்தான்னு நீங்கதான சொன்னீங்க? நாங்க லெட்டர் குடுத்தா அது குத்தம் சாட்டப்பட்டவங்க லெட்டர். செல்லாது. நான் ஆபீஸ்ல இருந்தா திருப்பி அனுப்பிருவேன்.”

பாண்டியராஜன் தலையைக் குனிந்துகொண்டார்.

“போதுங்க” என்றார் ஷெரின் கணவரிடம். பிறகு பாண்டியராஜன் பக்கம் திரும்பினார். “சார், நீங்கதான் எழுதணும். நடந்தத அப்படியே எழுதுங்க. நான் உங்க கண்ணு முன்னால கரைச்சுக் குடிச்சது, லேப்ல முப்பது நாளைக்குள்ள மட்கினது, உங்க கிடங்குல எலி தின்னது, எல்லாம். அதிகாரி எழுதுனா செல்லும். அதுக்குப் பின்னால நான் ஆய்வேட்டுப் பக்கங்களக் கையெழுத்துப் போட்டு இணைக்கறேன். லேப்லயும் சேந்தே போய்க் கேப்போம்.”

“நானே எழுதுனா, நான் தப்பாப் புடிச்சேன்னு ஆயிருமே மேடம்.”

“ஆமா” என்றார் ஷெரின். “ஆகும்.”

திருடினார் என்பதா, தவறாகப் பிடித்தார் என்பதா என்று பாண்டியராஜன் யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. அந்த மேசையிலேயே உட்கார்ந்து எழுதினார். மெர்வின் நான்கு இடத்தில் திருத்தினார், மூன்று முறை கிழித்து மறுபடி எழுத வைத்தார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்ததில்லை. கடிதத்தின் கடைசிப் பத்தி இப்படி இருந்தது: ‘மேற்படி பைகள் புளியங்கொட்டையால் ஆனவை என்பதும், அவை ஞெகிழி அல்ல என்பதும், எவ்வித உதவியுமின்றித் தாமாகவே முழுவதும் மட்கிவிட்டன என்பதும் எனது நேரடிப் பார்வையில் உறுதி செய்யப்பட்டது.’ கையெழுத்து, தேதி, பதவி முத்திரை. முத்திரையைப் பைக்கிலேயே வைத்திருந்தார்.

அந்தப் புளியங்கொட்டைப் பைக்கு எந்த ஆய்வகமும் தராத பாராட்டை, அதைப் பிடித்துக்கொண்டு போனவரே எழுதித் தர வேண்டியிருந்தது. ஒரு நகல் ஷெரினுக்கு. மேலிடம் அதை ஏற்றுக்கொண்டது. வழக்கை மூடியது. பாண்டியராஜனின் வேலை தப்பியது. அவரைத் தெருநாய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

பேப்பரில் மறுப்புச் செய்தி வந்தது. ஏழாம் பக்கத்தில், ஒரு நிலவிற்பனை விளம்பரத்துக்குக் கீழே, மூன்று வரி. படம் போடவில்லை. கோயில் வாசலில் துக்கம் விசாரித்த பத்துப் பேரில் ஒருவரும் ஏழாம் பக்கம் வரை படிப்பவர் இல்லை.

தலைமை ஆசிரியை மட்டும் படித்திருந்தார். கூப்பிட்டு ஷெரினின் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு அப்பவே தெரியும். மன்றத்த மறுபடி நீங்களே எடுத்துக்கணும். வர்ற வெள்ளிக்கிழமை அசெம்பிளியில ஒரு சால்வை போத்திருவோம்.”

“வேணாம் சிஸ்டர். ஜெனி மிஸ் நல்லாத்தான் பண்றாங்க” என்றார் ஷெரின். “சால்வைக்குப் பதிலா வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியட் எனக்கு ஃப்ரீயாக் குடுத்தீங்கன்னா போதும். மத்தியானமே வீட்டுக்குப் போயிருவேன்.”

தலைமை ஆசிரியை திகைத்தார். இந்தப் பள்ளியில் சால்வையை வேண்டாம் என்றவர்கள் கிடையாது. ஆனால் சால்வையை விட இரண்டு பீரியட் சிக்கனம் என்பதால் ஒப்புக்கொண்டார்.

சான்றிதழ் இன்னும் வரவில்லை. ஆய்வகத்தில் தொண்ணூறாம் நாளும் ஒழுங்காகத் தோண்டினார்கள், நூற்றெண்பதாம் நாளும் தோண்டுவார்கள். அதுவரை பாண்டியராஜனின் கடிதத்தை லேமினேஷன் செய்யலாம் என்று மெர்வின் கிளம்பினார். லேமினேஷனும் பிளாஸ்டிக்தான் என்று ஷெரின் சொன்ன பிறகு, ஒரு கோப்பில் வைத்தார்.

ஜனவரியில் வெயில் திரும்பியது. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. நல்லகாமன் ஆறு மாதமாக ஷெரின் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தவர். ஒரு நாள் போன் செய்தார். “டீச்சரம்மா, என் வாயால வந்த வினைதான் எல்லாம். மன்னிச்சிருங்க. ஜல்லிக்கட்டுக் கூட்டத்துக்கு எம்புட்டு முடியுமோ அம்புட்டுப் பை வேணும். இந்தத் தடவ யாரு கேட்டாலும் வீட்டு நம்பரச் சொல்ல மாட்டேன்.”

“கேட்டா சொல்லுங்கண்ணே” என்றார் ஷெரின். “ஒண்ணும் பயமில்ல.”

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவருக்கே தெரிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளியிலிருந்து நேரே வந்து மாடி ஏறினார். ஹம்சவேணி முன்னமே வந்து, ஊற வைத்த பொடியைப் பெரிய பாத்திரத்தில் கிண்டிக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

“வாங்க டீச்சர், கை விடாமக் கிண்டணும். எனக்குத் தோள் விட்டுப்போச்சு.”

ஷெரின் கைப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டுக் கரண்டியை வாங்கிக்கொண்டார்.